கீசர் வெடித்ததற்கு அட்வான்ஸில் பிடிக்கலாமா?

கேள்வி: சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் நான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 22,000 ரூபாய், அட்வான்ஸ் 1,20,000. பாத்ரூமில் உள்ள 25 லிட்டர் கீசர் நாங்கள் வருவதற்கு முன்பே ஓனர் மாட்டியது. காலையில் கீசர் போடும்போதெல்லாம் அதன் அடியில் உள்ள வால்விலிருந்து தண்ணீர் சொட்டும். மூன்று முறை சொல்லியும் ஓனர் கண்டுகொள்ளவில்லை. நாங்களே ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு 350 ரூபாய் கொடுத்து, சொட்டும் இடத்தில் டம்மி போட்டு அடைத்தோம். அதை அப்போதே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன். அவரும் கட்டைவிரல் போட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் டேங்க் அடிப்பக்கம் பிளந்து சுடுதண்ணீர் கொட்டியது. மாமியாருக்குக் காலெல்லாம் கொப்புளம். கீழ் வீட்டு ஃபால்ஸ் சீலிங்கும் டிவியும் போய்விட்டன. இப்போது ஓனர் 85,000 ரூபாயை அட்வான்ஸில் பிடிப்பேன் என்கிறார். "வாடகைக்கு வந்தவர்களுக்கு இவ்வளவு வாயா?" என்று பிள்ளைகள் முன்னால் கேட்டார். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் கேட்டு கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா? போலீஸில் புகார் கொடுக்கலாமா? அதுவரை வாடகையை நிறுத்தி வைக்கலாமா? அடுத்த மாதம் காலி செய்கிறோம்.
– ஒரு வாசகி, சென்னை

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். ஓனர் போன வருடம் வாடகை ஏற்றியது, லிஃப்ட் ரிப்பேருக்குப் பணம் கேட்டது, அவர் மனைவி உங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். வாயைப் பற்றி அவர் கேட்டது மரியாதைக்குறைவுதான். ஆனால் அதற்கு நீதிமன்றத்தில் விலை கிடையாது. உங்கள் வழக்கு முழுவதும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது: "சொட்டும் இடத்தில் டம்மி போட்டு அடைத்தோம்."

நீங்கள் அடைத்தது ஓட்டை அல்ல, சேஃப்டி வால்வின் வாய். தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தண்ணீரைச் சாதாரண சூட்டிலிருந்து 75 டிகிரி வரை ஏற்றினால் சுமார் அரை லிட்டர் கூடுதலாக இடம் கேட்கும். வந்த குழாய் வழியாகத் திரும்பிப் போகலாம் என்றால், அதே வால்வுக்குள் ஒருவழி அடைப்பும் இருக்கிறது, விடாது. ஆகவே அழுத்தம் ஏறும்போது வால்வு திறந்து அந்தக் கொஞ்சம் தண்ணீரை வெளியே விடும். கீசர் போடும்போது மட்டும் சொட்டியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வால்வு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கீசர் அணைந்திருக்கும்போதும் இடைவிடாமல் ஒழுகியிருந்தால் கதை வேறு: வால்வில் உப்பு படிந்திருக்கலாம், அல்லது பிரஷர் பம்ப் வைத்து லைனில் அழுத்தத்தை ஏற்றியிருக்கலாம். அப்போதும் வழி புது வால்வு மாட்டுவதுதான், அடைப்பதல்ல. அடைத்த பிறகு ஒவ்வொரு காலையும் அந்த டேங்க் தாங்க வேண்டியதற்கு மேல் தாங்கியிருக்கிறது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழுதாகியிருந்தால், மாமியாரின் கால் கொப்புளத்தோடு போனது உங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

இதன் சட்ட அர்த்தம் உங்களுக்குப் பிடிக்காது. "மூன்று முறை சொல்லியும் கண்டுகொள்ளவில்லை" என்பதுதான் உங்கள் குற்றச்சாட்டின் முதுகெலும்பு. சொட்டியது பழுதே இல்லை என்று ஒரு டெக்னீஷியன் சாட்சி சொன்னால் அது அங்கேயே விழுந்துவிடும். அதோடு, 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் எந்தப் பழுது யார் பொறுப்பு என்று அதில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவதும் ஒயரிங்கும் ஓனர் பக்கம். குழாய் வாஷர், வாஷ்பேசின், ஸ்விட்ச், அப்புறம் கீசர் பழுது, எல்லாம் வாடகைதாரர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் இது மாறும். உங்கள் ஒப்பந்த நகலைப் பார்த்தேன். டிடிபி கடையில் வாங்கும் வழக்கமான பதினோரு மாதப் பத்திரம். கீசர் என்ற சொல்லே அதில் இல்லை. வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் அதிகாரியான ரென்ட் அத்தாரிட்டியிடம் பதிவு செய்த எண்ணும் இல்லை. எந்த மன்றத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

உங்கள் பக்கம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, இரண்டு. ஒன்று அந்தக் கட்டைவிரல். வால்வை அடைத்த செய்தியைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லாமல் ஓகே போட்டவர், பிறகு "எனக்குத் தெரியாமல் செய்தார்கள்" என்று சொல்ல முடியாது. இரண்டு, டேங்கின் வயது. பழுது பார்ப்பது வாடகைதாரர் வேலை என்றாலும், ஆயுள் முடிந்த பொருளுக்குப் புதிது வாங்கித் தருவதும் அதற்குள் அடங்கும் என்று சட்டம் சொல்லவில்லை. டேங்குக்குள் துருவைத் தான் வாங்கிக்கொண்டு கரையும் மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். போர்வெல் தண்ணீர் உள்ள இடங்களில் அது சீக்கிரம் கரைந்துவிடும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். உங்கள் ஓனர் அதை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். உள்ளே கம்பியே இல்லாமல் அடித்தகடு துருப்பிடித்துக் கிடந்தால், வெடித்ததில் பாதிக் காரணம் அவருடையது.

அந்தப் பழைய டேங்க் மொட்டைமாடியில் கிடக்கிறது என்று கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் முதல் வரியாக வந்திருக்க வேண்டியது அது. காயலான் கடைக்காரர் வருவதற்குள் மேலே போங்கள். பெயர்ப்பட்டையில் தயாரிப்பு வருடமும் வரிசை எண்ணும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். பிளந்த இடம், உள்ளே தெரியும் துரு, வால்வு இருக்கிற நிலை, எல்லாவற்றையும் எடுங்கள். டம்மியைக் கழற்றாதீர்கள். கழற்றி எறிந்துவிட்டால் தப்பிக்கலாம் என்று உங்கள் வீட்டில் யாராவது யோசனை சொல்வார்கள். பிளம்பருக்கு நீங்கள் ஜிபே செய்த 350 ரூபாய் வங்கிக் கணக்கில் இருக்கிறது, செய்தி ஓனர் போனில் இருக்கிறது. டம்மி காணாமல் போனால் நீங்கள் ஒளித்ததாகத்தான் ஆகும். கையில் இருந்த சாட்சியத்தை ஒருவர் காட்டாவிட்டால், அது அவருக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். வாட்ஸ்அப் உரையாடலுக்கும் இதே விதிதான், ஒரு வரிகூட அழிக்க வேண்டாம்.

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். கன்ஸ்யூமர் கோர்ட்: வெறும் வாடகை உறவைச் 'சேவை' என்று பொதுவாக ஏற்பதில்லை, ஓனர் மீது அங்கே போக முடியாது. பிளம்பர் மீது போகலாம், அவர் செய்தது காசு வாங்கிச் செய்த வேலை. தீர்ப்பும் வாங்கலாம். அதை அவரிடமிருந்து ரூபாயாக மாற்றுவது உங்கள் சாமர்த்தியம். வாடகையை நிறுத்துவது: கூடவே கூடாது. இன்று வரை நீங்கள் பாக்கி வைக்காத வாடகைதாரர். நிறுத்திய நாளிலிருந்து பாக்கிக்காரர், அதன் பிறகு கீசரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வதாக இருந்தால், அதை அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

போலீஸ் புகார் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மாமியாரின் காயத்தைக் காட்டி, அஜாக்கிரதையால் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தார் என்று ஓனர் மீது எழுதிக்கொடுக்க நினைக்கிறீர்கள். பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவு அப்படி ஒரு பிரிவுதான். விசாரிக்க வரும் சப்-இன்ஸ்பெக்டர் கேட்கப்போகும் முதல் கேள்வி, அந்த வால்வை யார் அடைத்தது என்பது. அதற்குப் பதில் உங்கள் கையெழுத்தில் புகாரிலேயே இருக்கும். எதிரிக்கு எழுதிய புகாரில் தன் வீட்டு ஆளே போய் நிற்பதை இந்தத் தொழிலில் அடிக்கடி பார்க்கிறோம். மாமியாருக்கு வைத்தியம் பாருங்கள், பில்களை வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டேஷன் பக்கம் போகாதீர்கள்.

சரி, ஓனரோடு பேசி முடித்துவிட்டால் தீர்ந்ததா? தீராது. நீங்கள் கவனிக்காத ஆள் ஒருவர் இருக்கிறார்: கீழ் வீட்டுக்காரர். அவர் உங்களுக்கு வாடகை வாங்குபவரும் அல்ல, கொடுப்பவரும் அல்ல. வாடகைச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது. அஜாக்கிரதையால் நஷ்டம் என்று சிவில் நீதிமன்றத்தில் உங்கள் மீதும் ஓனர் மீதும் சேர்த்தே வழக்குப் போடலாம், அல்லது யாரிடம் எளிதாக வாங்கலாமோ அவர் மீது மட்டும் போடலாம். என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பலர் விழுவது இந்தக் குழியில்தான். கீழ் வீட்டு சேதத்துக்கு என்று சொல்லி ஓனர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். இவர்களும் விட்டது தொல்லை என்று சாவியைக் கொடுத்துவிட்டு வேறு ஏரியாவுக்குப் போய்விடுவார்கள். பிடித்த பணம் கீழ் வீட்டுக்குப் போயே சேர்ந்திருக்காது. சில மாதம் கழித்து புது வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வரும், அதே ஃபால்ஸ் சீலிங்குக்கு. ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. அதற்குப் பதிலாகக் கீழ் வீட்டு அம்மாவுக்கு இவர்களே அனுப்பிய ஒரு செய்தி இருக்கும்: "சாரி ஆன்டி, எங்களால்தான் ஆச்சு, செலவை நாங்க பாத்துக்கறோம்." மனிதர்கள் பேசும் இயல்பான பேச்சுதான் அது. புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷிய அதினியம்) 63-ஆம் பிரிவு மின்னணுச் சாட்சியத்துக்குக் கேட்கும் சான்றிதழோடு நீதிமன்றத்தில் தாக்கலானால் ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். அப்படி எதுவும் அனுப்பியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. அனுப்பவில்லை என்றால் இனியும் வேண்டாம். நலம் விசாரியுங்கள், பொறுப்பு ஏற்காதீர்கள்.

ஆகவே என் ஆலோசனை: சமரசம் செய்துகொள்ளுங்கள், ஆனால் மூன்று பேரும் உட்கார்ந்து. ஓனர் தந்த கணக்கில் புது கீசர் 9,500, ஃபால்ஸ் சீலிங் 38,000, டிவி 30,000, பெயின்ட் 7,500. பெயின்டை முதலில் அடித்துவிடுங்கள், நான்கு வருடம் குடியிருந்த வீட்டின் சுவர் மங்குவது இயல்பான தேய்மானம். பழைய கீசருக்குப் புது கீசர் விலை கேட்க முடியாது. மொட்டைமாடியில் எடுத்த படத்தில் தயாரிப்பு வருடம் தெரிந்தால், அந்த 9,500 கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும். டிவி எந்த வருடத்து மாடல், பில் எங்கே என்று கேளுங்கள். பழைய டிவிக்குப் பழைய விலைதான். ஃபால்ஸ் சீலிங் மட்டும் உண்மையான சேதம், அதற்கு வேலை செய்தவரின் பில் வேண்டும். இப்படிப் போனால் மொத்தம் ஐம்பது, ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேல் நிற்காது. அதில் ஒரு பங்கை அந்தக் கட்டைவிரலுக்காக ஓனர் தலையில் வையுங்கள். முப்பத்தைந்தாயிரம், நாற்பதாயிரத்துக்குள் உங்கள் பங்கு முடிந்தால் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஐந்து லட்சம் கனவை விடுங்கள். வழக்கு நடத்தும் செலவே இந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும், என் ஃபீஸ் உட்பட.

பேசும்போது மறக்கக் கூடாதது ஒன்று. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தகராறு இல்லாத தொகையைக்கூட "கணக்கு முடியட்டும்" என்று மொத்தமாகப் பிடித்துவைக்க ஓனருக்கு உரிமை இல்லை. இந்தப் பேரத்தில் உங்கள் கையில் உள்ள வலுவான சீட்டு அதுதான், மன உளைச்சல் அல்ல. மூவரும் போடும் ஒப்பந்தத்தில் தொகை, அது கீழ் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போய்ச் சேர்ந்த விவரம், மீதி அட்வான்ஸ் திரும்பும் தேதி, இந்த நிகழ்வு தொடர்பாக மூவருக்கும் இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகம், இவை இருக்க வேண்டும். 'தவறு', 'பொறுப்பு' என்ற சொற்கள் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வரவே கூடாது. "சுமுகத்தை முன்னிட்டு" என்று எழுதினால் போதும். சாவியை அன்றைக்கு ஒப்படையுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

காலி செய்யும்வரை இன்னும் ஒரு மாதம் அதே பாத்ரூமில்தான் குளிக்கப்போகிறீர்கள். புது கீசரை யார் மாட்டினார், கம்பெனி ஆளா, உங்களுடைய அதே பிளம்பரா? வால்வின் வாய் திறந்திருக்கிறதா, அதிலிருந்து ஒரு சிறு டியூப் வடிகால் பக்கம் போகிறதா என்று பாருங்கள். 2000 வாட் கீசருக்கு 16 ஆம்ப் பிளக்கும் சரியான எர்த்தும் வேண்டும், போர்டில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருந்தால் நல்லது. ஒயரிங் ஓனர் பக்கம் என்று மேலே சொன்னேன். எர்த் சரியில்லை என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் அதை இன்றே எழுத்தில் ஓனருக்கு அனுப்புங்கள். இந்த முறை அவர் கட்டைவிரல் போட்டாலும் விடாதீர்கள், வேலை எந்தத் தேதியில் நடக்கும் என்று கேட்டுப் பதில் வாங்குங்கள்.