பரிணாமம் படிக்க விரும்பும் மகள்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

உயிரியல்-கணிதப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் உள்ள உறவை ஆராயப் போவதாகச் சொல்வதால் உறக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். "குரங்கைப் பற்றிப் படித்தால் யார் வேலை தருவார்கள்?" என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை சொல்லும் முன், அவளை ஈர்த்தது எது என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

என்னிடம் வந்த அன்று, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தான் வரைந்திருந்த படத்தைக் காட்டினாள். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு 24 இணை குரோமோசோம்கள் (உயிரணுவில் மரபணுக்களைத் தாங்கும் இழைகள்), நமக்கு 23. குறைந்த இணை எங்கே போனது என்பதற்கு நம் இரண்டாவது குரோமோசோமே சாட்சி. டீலோமியர் என்பது குரோமோசோமின் நுனிகளைக் காக்கும் முனைப்பகுதி; நுனிகளில் இருக்க வேண்டிய அந்த வரிசை அதன் உட்பகுதியில் முனையோடு முனை முட்டியபடி காணப்படுகிறது. குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய சென்ட்ரோமியர் என்னும் இணைப்புப் பகுதியில், செயலிழந்த இன்னொன்றின் எச்சமும் அதில் உண்டு. முன்னோரிடம் தனித்தனியாக இருந்த இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டதன் தழும்பு அது. 'தழும்பு' என்பது அவள் சொன்ன சொல். பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளைக்கு அது வாய்க்காது.

இன்றிருக்கும் குரங்கு மனிதனாக மாறியது என்று இத்துறை சொல்லவில்லை. ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதையிலிருந்து நம் கிளையும் சிம்பன்சியின் கிளையும் பிரிந்தன என்கிறது. கொரில்லாவின் கிளை அதற்கு முன்பே பிரிந்துவிட்டதால், சிம்பன்சிக்குக் கொரில்லாவைவிட நாமே நெருங்கிய உறவு. வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி என்று சொல்லுங்கள்.

இனிப் பிழைப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இளங்கலையோடு நிறுத்தினால் இத்துறையில் வேலை அரிது. முனைவர் பட்டம் வரை பத்தாண்டுகள் ஆகலாம். முதுகலைக்குப் பின் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் வரும். ஆகவே இளங்கலையிலேயே குறுகிய பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) நிறுவனங்களில், இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு அவளுக்குப் பொருந்தும். நீட்டுக்குப் படித்த இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் அதன் நுழைவுத் தேர்வுக்கும் கைகொடுக்கும். அங்கே மரபியலோடு புள்ளியியலையும் கணினி நிரலாக்கத்தையும் கற்றுவிட்டால், பரிணாம ஆய்வில் இடம் கிடைக்காத காலத்திலும் மரபணுப் பரிசோதனைக் கூடங்களிலும் மருந்து நிறுவனங்களிலும் அந்தத் திறமைக்குத் தேவை இருக்கும்.

மருத்துவத்திலிருந்து இது வெகு தொலைவு என்றும் எண்ணாதீர்கள். அழிந்துபோன மனித இனங்களின் மரபணுத் தொகுதியைப் படித்துக் காட்டியதற்காக ஸ்வீடன் நாட்டு மரபியலாளர் ஸ்வாந்தே பாபோவுக்கு 2022-இல் கிடைத்தது மருத்துவ நோபல் பரிசே. அப்படி அழிந்துபோன இனங்களில் ஒன்றான நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்து, தெற்காசியாவில் இன்று மிகுதியாகக் காணப்படும் ஒரு மரபணுப் பகுதி, கொரோனா தொற்றைக் கடுமையாக்குகிறது என்று 2020-இல் கண்டறிந்தவர்களில் அவரும் ஒருவர்.

காடுகளில் ஆய்வு செய்ய அவள் விரும்பினால், இந்தியாவில் இயற்கையாக வாழும் வாலில்லாக் குரங்கான ஹூலக் கிப்பன் அசாமில் இருக்கிறது. ஆனால் அதை முதுகலையின்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீட் தேர்வையும் அவள் எழுதட்டும். விண்ணப்பத்தை விலக்க வேண்டாம். அடுத்த முறை வரும்போது அவளுடைய கணித விடைத்தாள்களை எடுத்து வாருங்கள், நிகழ்தகவுப் பாடத்தில் அவள் எப்படி எழுதியிருக்கிறாள் என்று நான் பார்க்க வேண்டும்.