ஸ்கேன் நார்மல், ஆனால் ஆள் பழைய ஆள் இல்லை

சகோதரி, ஏற்காடு மலைப்பாதையில் கார் மோதித் தலையில் அடிபட்ட கணவர், சிடி ஸ்கேன் நார்மல் என்று வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகியும் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், சொன்னதை மறக்கிறார், மாமியார் அதைச் சோம்பேறித்தனம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சோம்பேறித்தனமே இல்லைங்க. மோதலில் மூளையின் நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாவது சிடி ஸ்கேனில் பல சமயம் தெரியாது, கோபத்தை அடக்குவதும் மூளையின் முன்பகுதி செய்கிற வேலைதான். என் தம்பிக்கும் இப்படித்தான் இருந்தது, குக்கர் விசில் அடித்தாலே காதைப் பொத்திக்கொள்வான், மளிகைக் கடையில் சில்லறை எண்ணி வாங்குவதற்குள் களைத்துப்போவான். ஒரு நேரத்தில் ஒரே வேலை, நடுநடுவே சத்தமில்லாத ஓய்வு, ஒழுங்கான தூக்கம், எல்லாவற்றையும் சின்ன நோட்டில் எழுதிவைப்பது, இவைதான் அவனுக்கு உதவின. மது கூடவே கூடாது, மருத்துவர் சொல்லும்வரை வண்டியும் ஓட்ட வேண்டாம்.

அப்புறம், தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தி, வலிப்பு, அளவுக்கு மீறிய மயக்கம், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி என்று எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், மண்டைக்குள் ரத்தம் வாரக்கணக்கில் மெல்லக் கசிந்து சேர்வதும் உண்டு. அப்படி எதுவும் இல்லையென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ பெங்களூருவில் மூளை, நரம்பு, மனநல மருத்துவத்துக்கென்றே இருக்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலோ காட்டுங்கள், மறதியையும் கோபத்தையும் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள், மருத்துவர் வாயால் கேட்டால் அவர் நம்புவார்.