ராணுவ டாக்டர் குடும்ப டாக்டர் ஆகும்போது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் ராணுவ மருத்துவப் பிரிவில் ஷார்ட் சர்வீஸ் (குறிப்பிட்ட ஆண்டுகள் மட்டும் பணி) அதிகாரியாக இருந்து இந்த வருடம் வெளியே வருகிறான். குன்னூரிலேயே கிளினிக் வைக்க ஆசைப்படுகிறான். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
- ஒரு வாசகி, வெலிங்டன்

பதில்: காகித வேலையை முதலில் முடித்துவிடட்டும். வேறு மாநில மருத்துவ கவுன்சிலில் பதிந்திருந்தால், அங்கே தடையில்லாச் சான்று வாங்கித் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிய வேண்டும். கிளினிக்கை மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிய வேண்டும். மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் தேவை. இதெல்லாம் அலைச்சல்தான், சிரமம் என்று சொல்ல மாட்டேன்.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. ரெஜிமென்ட் டாக்டர் தினமும் பார்ப்பது பெரும்பாலும் திடமான இளைஞர்களை. கிளினிக்கிலோ கைக்குழந்தையும் வரும், எண்பது வயதுப் பாட்டியும் வருவார். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப்பையே பாருங்கள். 5 மில்லியில் 125 மி.கி. உள்ள பாட்டிலும் கடையில் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. வேண்டும். முதல் பாட்டிலில் அது 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. "ஒரு மூடி கொடுங்கம்மா" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால், வீட்டில் கையில் கிடைத்த பாட்டிலைப் பொறுத்து மருந்து இரட்டிப்பாகிவிடும், அல்லது பாதியாகும். குழந்தையை எடை போடாமல் சீட்டு எழுதவே கூடாது. சீட்டில் பாட்டிலின் பலம், எத்தனை மில்லி, 6 மணி நேர இடைவெளி, நாளைக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம் என்பது நான்கும் இருக்க வேண்டும்.

அடுத்தது, நோயாளி திரும்பி வருவது. படையில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனைக்கு வராமல் இருக்க முடியாது; மருந்தும் காசில்லாமல் கிடைக்கும். கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு டாக்டரைப் பார்க்க வந்தால் ஒருநாள் கூலி போச்சு. தலைவலி நின்றதும் பி.பி. மாத்திரையையும் நிறுத்திவிடுவார். அவரைக் கோபித்துப் பயனில்லை. ஞாயிறு காலை கிளினிக்கைத் திறந்து வையுங்கள். நாளைக்கு ஒருவேளை மாத்திரையாகவே எழுதுங்கள், அதன் விலையையும் சொல்லிவிடுங்கள். படையில் பழகிய ரெஜிஸ்டர் ஒழுங்கை மட்டும் விடவே வேண்டாம்: பி.பி., சர்க்கரைக்காரர்களுக்குத் தனி நோட்டு, அதில் அடுத்த தேதி, தேதி தாண்டி ஒரு வாரமானால் ஒரு போன். பக்கவாதத்தைத் தடுப்பதில் இந்த நோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: படையிலிருந்து விலகி, கூடலூர் பக்கம் கிளினிக் நடத்துகிறேன். பழங்குடிப் பிள்ளைகள் சிலருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து கொடுத்தும் ஏறவில்லை. கை கால் வலி என்று அடிக்கடி வருகிறார்கள்.
- ஒரு மருத்துவர்

பதில்: அரிவாள் செல் நோயாக இருக்கலாம் என்று உடனே சந்தேகப்படுங்கள், டாக்டர். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய் இது. இந்தியாவில் இந்த நோயின் மரபணுவை 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அறிவித்ததே நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டுதான். அரிவாள் செல் ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று பார்க்கும் கரைதிறன் சோதனை முதல் சல்லடை மட்டுமே. நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவருக்கும் அது பாசிட்டிவ் காட்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நம்ப முடியாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. சோதனை செய்தால்தான் உறுதியாகும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமல் இரும்புச்சத்தைத் தொடராதீர்கள்; ஃபோலிக் அமிலம் கொடுக்கலாம்.

குளிரும் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் வலியைக் கிளப்பும். நம் மலையில் மார்கழி, தை மாதங்களில் இரண்டும் சேர்ந்தே வரும். கம்பளி, வெந்நீர், வேளைக்கு வலி மருந்து என்று தாயிடம் சொல்லி வையுங்கள். இந்த நோயுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். மண்ணீரல் பழுதாகியிருப்பதால் கிருமி ரத்தத்தில் வேகமாகப் பரவும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

கேள்வி: கிளினிக் ஃபிரிட்ஜில் தடுப்பூசி வைக்கலாமா? இங்கே அடிக்கடி கரண்ட் போகிறது.
- கோத்தகிரி

பதில்: 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால் வைக்கலாம். உள்ளே தெர்மாமீட்டர் வைத்துக் காலை, மாலை குறித்துக்கொள்ளுங்கள். கதவுத் தட்டில் வேண்டாம், ஃப்ரீசரை ஒட்டியும் வேண்டாம். டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி ஊசிகள் ஒருமுறை உறைந்தால் வீண். உருகியபின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் போடக் கூடாது.