படுத்த படுக்கையில் லேப்டாப்பைத் திருப்பித் தருவது எப்படி?

முதுகு ஆபரேஷன் முடிந்து திருநெல்வேலியில் படுத்திருக்கிறீர்கள், ராஜினாமாவும் கொடுத்தாயிற்று. லேப்டாப்பை சென்னை ஆபீஸுக்கு நேரில் கொண்டுவந்தால்தான் செட்டில்மென்ட், அதாவது கடைசிப் பாக்கிப் பணம், என்கிறார்கள். சரி, போனில் வாதாட வேண்டாம். பயணம் கூடாது என்ற டாக்டர் சான்றிதழை இணைத்து, "கூரியர் ஆளை அனுப்புங்கள், பொருட்கள் தயார்" என்று எச்.ஆருக்கு மெயில் போடுங்கள். மேனேஜருக்கும் ஒரு பிரதி. கம்பெனி மெயிலை எப்போது வேண்டுமானாலும் முடக்கலாம், அதனால் சொந்த மெயிலில் இருந்தே அனுப்புங்கள்.

பேக் செய்யும் முன் லேப்டாப், சார்ஜர், ஐடி கார்டு எல்லாவற்றையும் சீரியல் நம்பர் தெரிய போட்டோ எடுங்கள். திரை ஒழுங்காக ஒளிர்வதை வீடியோவாகவும். எனக்கு ஒருமுறை "ஸ்கிரீன் உடைந்து வந்தது" என்று பிடித்தம் போட்டார்கள். வீடியோவைக் காட்டியதும் அடங்கிவிட்டார்கள். சொந்தக் கணக்குகளில் இருந்து வெளியேறுங்கள், ஆனால் ஹார்டு டிஸ்க்கை நீங்களாக ஃபார்மட் செய்யாதீர்கள். அப்புறம், கூரியர் ரசீதோடு விடாமல் "பெற்றுக்கொண்டோம்" என்ற மெயிலையும் கேட்டு வாங்குங்கள்.

பிஎஃப் பணத்துக்கும் லேப்டாப்புக்கும் சம்பந்தமில்லை. விலகிய தேதியை கம்பெனி பதியாவிட்டாலும், கடைசிப் பங்களிப்புக்கு 2 மாதம் கழித்து பிஎஃப் நிறுவனமான இபிஎஃப்ஓவின் தளத்தில் நீங்களே பதியலாம்.