பிரகாரத்திலேயே நின்றுவிட்டேனா?

கேள்வி: எங்கள் சபையில் ஆராதனையை, மோசேயின் காலத்தில் இஸ்ரவேலர் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் முறைப்படி நடத்துகிறோம் என்கிறார்கள். கைதட்டிப் பாடும் வேகமான பாடல்கள் வெளிப்பிரகாரம். நிதானமான பாடல்கள் பரிசுத்த ஸ்தலம். கண்ணை மூடிக் கண்ணீரோடு பாடுவது மகா பரிசுத்த ஸ்தலம். இதற்கு சங்கீதம் 100:4ஐக் காட்டுகிறார்கள். சுற்றிலும் எல்லாரும் அழும்போது எனக்கு மட்டும் ஒன்றும் வருவதில்லை. நான் பிரகாரத்திலேயே நின்றுவிட்டேனா? – ஒரு வாசகி

பதில்: இல்லை, சகோதரி. கிறிஸ்துவை விசுவாசிக்கிற நீங்கள், அழுதாலும் அழாவிட்டாலும், மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைத்த திரைக்கு உள்ளே அனுமதி பெற்றவர். உங்களுக்கு இப்படியொரு சந்தேகம் வரும்படி கூடாரத்தை விளக்கியிருக்கிறார்களே, அதுதான் என்னை வருத்துகிறது.

யாத்திராகமம் 25 முதல் 40 வரை ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள். பிரகாரம் 100 முழ நீளம், 50 முழ அகலம். கிழக்கே 20 முழத்தில் விசாலமான வாசல். அந்த வாசலைத் தாண்டினால் எதிரே இருப்பது என்ன? ஐந்து முழச் சதுரத்தில் வெண்கலப் பலிபீடம். நெருப்பு, புகை, இரத்தம். தன் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தவன் அதன் தலைமேல் கைவைக்க வேண்டும். லேவியராகமம் முதல் அதிகாரத்தின்படி அதைக் கொல்லுகிறவனும் அவன்தான். ஆசாரியன் இரத்தத்தை வாங்கித் தெளிப்பான். "எனக்குப் பதிலாக இது சாகிறது" என்பதைத் தன் கையாலேயே தெரிந்துகொண்ட இடம் அது. இதை உற்சாகப் பாட்டுக்கான இடமாக மாற்றிவிட்டால், கூடாரம் முதலாவதாகச் சொல்ல வந்த விஷயமே காணாமல் போய்விடுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த மனிதன் ஆயுள் முழுவதும் பிரகாரத்தைத் தாண்டியதே இல்லை. குத்துவிளக்கும் சமுகத்தப்பங்களும் தூபபீடமும் இருந்த பரிசுத்த ஸ்தலத்துக்குள் ஆசாரியர்கள் மட்டுமே போவார்கள். ஆனாலும் அவன் ஆராதனை அரைகுறையானது என்று யாரும் சொல்லவில்லை. ஸ்தோத்திர பலி செலுத்தியவன் அந்த இறைச்சியை அன்றைக்கே தன் வீட்டாரோடு சாப்பிட்டு மகிழ்ந்தான். "அவர் வாசல்களில் துதியோடும், அவர் பிரகாரங்களில் புகழ்ச்சியோடும்" என்று சங்கீதக்காரன் பாடுவது இந்தச் சந்தோஷத்தைத்தான். வாசலையும் பிரகாரத்தையும் சொன்ன அந்த வசனம், அடுத்து உள்ளறைக்குப் போகச் சொல்லவில்லை.

அப்புறம், மகா பரிசுத்த ஸ்தலம். பத்து முழச் சதுரம், இருட்டு, உடன்படிக்கைப் பெட்டி, அதன்மேல் மூடியாகிய கிருபாசனம். வருஷத்துக்கு ஒரே நாள், பிரதான ஆசாரியன் ஒருவன் மட்டும், இரத்தத்தோடு போக வேண்டும். தான் சாகாதபடிக்குத் தூபமேகம் கிருபாசனத்தை மூட வேண்டும் என்று லேவியராகமம் 16 சொல்லுகிறது. தேவன் கட்டளையிடாத அந்நிய அக்கினியைக் கொண்டுவந்த, பிரதான ஆசாரியன் ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் செத்த பிறகு கொடுக்கப்பட்ட கட்டளை அது. அங்கே ஆரோன் மெய்மறந்து நின்றிருப்பான் என்று என்னால் நினைக்க முடியவில்லை. நடுங்கிக்கொண்டு போய், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு உயிரோடு திரும்பியிருப்பான்.

பாட்டைப் பற்றி ஒரு விவரம். செங்கடல் கரையில் பாடிய ஜனம்தான் இது. ஆனாலும் கூடாரத்து ஆராதனைக்கென்று மோசேயின் சட்டத்தில் ஒரு பாடல்கூடக் கட்டளையிடப்படவில்லை. பலிகளின்மேல் ஊத வெள்ளி எக்காளங்கள் உண்டு, அவ்வளவுதான். பாடகர்களை வகுப்பு வகுப்பாக நியமித்தவன் தாவீது, பல தலைமுறைகள் கழித்து. நான் பாட்டுக்கு விரோதி அல்ல. பாட்டு நம்மைத் திரைக்கு உள்ளே கொண்டுபோகும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

சரி, கூடாரத்திலிருந்து ஆராதனையைக் கற்றுக்கொள்ளவே முடியாதா? தாராளமாக முடியும். எபிரெயருக்கு எழுதின நிருபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளுங்கள். 9ஆம் அதிகாரம் குத்துவிளக்கையும் மேஜையையும் பெட்டியையும் சொல்லிக்கொண்டே வந்து, இவற்றை விவரமாகச் சொல்ல இது சமயமல்ல என்று நிறுத்திவிடுகிறது. ஒவ்வொரு கொக்கிக்கும் ஒவ்வொரு நூல் நிறத்துக்கும் அர்த்தம் கண்டுபிடிக்கிற நம் போதகர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நிருபம் நேராகப் போய்ச் சேருவது கிறிஸ்துவினிடம். அவர் தம்முடைய சொந்த இரத்தத்தினாலே ஒரேதரம் பிரவேசித்தார். அவர் சிலுவையில் ஜீவனை விட்டபோது தேவாலயத்தின் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. 10:19 என்ன சொல்லுகிறது? பரிசுத்த ஸ்தலத்தில் பிரவேசிக்க நமக்குத் தைரியம் கிடைத்தது "இயேசுவின் இரத்தத்தினாலே". நாலாவது பாட்டில் திறப்பதற்கு அங்கே திரை ஏதும் மிச்சமில்லை.

பாட்டுக்கு உரிய இடத்தையும் அதே நிருபம் 13ஆம் அதிகாரத்தில் காட்டுகிறது. உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திர பலி. அடுத்த வசனத்திலேயே நன்மை செய்வதையும் தானதர்மத்தையும் பலிகள் என்கிறது. இரண்டும் ஏற்கெனவே உள்ளே வந்தவர்கள் நன்றியோடு செலுத்துகிறவை.

உங்களுக்காக இன்னும் ஒன்று. லேவியராகமம் 5ல், ஆடு கொண்டுவர வசதியில்லாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லையா, ஒரு எப்பா என்னும் தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு போதும். குழந்தை இயேசுவோடு எருசலேமுக்கு வந்த மரியாள் செலுத்தியதும் ஏழைகளுக்கான புறாக் காணிக்கைதான். கையில் இல்லாததைக் கேட்டு யாரையும் திருப்பி அனுப்பாத வாசல் அது. கண்ணீர் வரவில்லை என்பதற்காக உங்களை யார் வெளியே நிறுத்த முடியும்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை புறப்படுமுன் எபிரெயர் 10:19 முதல் 25 வரை வாசித்துவிட்டுப் போங்கள். பாட வந்தால் பாடுங்கள், வராவிட்டால் சும்மா நில்லுங்கள். ஆராதனை முடிந்ததும், பாடல் நடத்துகிற சகோதரரை அன்பாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த ஏழு வசனங்களையும் அவரோடு சேர்ந்து வாசியுங்கள். "உங்கள் விளக்கத்தைக் கேட்டு நான் வெளியே நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றும் அவரிடம் சொல்லுங்கள். அது அவருக்குத் தெரிய வேண்டும்.