டாவி முடிந்து பேஸ்மேக்கர் வைக்கச் சொன்னால், வால்வைத் தவறாக வைத்துவிட்டார்கள் என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. உங்கள் அம்மாவுக்கு டாவி முறையில், அதாவது நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாக, அயோர்ட்டிக் வால்வு (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசல்) மாற்றிய மூன்றாம் நாள் பேஸ்மேக்கர் வேண்டும் என்றதும், டாக்டர் ஏதோ சொதப்பிவிட்டார் என்று தோன்றுவது இயல்புதான். இதய ஐசியுவில் நர்ஸாக இருக்கும் என்னிடம் பலரும் இதையே கேட்பார்கள்.

மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் ஹிஸ் கற்றை, அயோர்ட்டிக் வால்வுக்குச் சில மில்லிமீட்டர் கீழேதான் ஓடுகிறது. நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் பழைய வால்வை வெட்டி எடுத்துவிடுவார்கள். டாவியில் அது, படிந்த கால்சியத்தோடு அங்கேயே இருக்கும். புது வால்வின் உலோகச் சட்டம் அதை நெருக்கித் தள்ளிக்கொண்டு உட்காரும். கதவு நிலையை இறுக்கும்போது சுவருக்குள் ஓடும் ஒயர் நசுங்குவது போலத்தான். அப்போது ஹிஸ் கற்றையில் மின்துடிப்பு தடைபடும். வீக்கத்தால் வந்த தடை என்றால் சில நாளில் சரியாகலாம். கால்சியம் அழுத்துவதால் வந்தது அப்படி விலகாது.

2019-ல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், பலூனால் விரிக்கும் வால்வு வைத்தவர்களில் 100-க்கு 6, 7 பேருக்கும், தானே விரியும் வகையில் 17 பேருக்கும் முதல் மாதத்திலேயே பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களிலும் 4 முதல் 6 பேருக்குத் தேவைப்பட்டது. இப்போது வால்வைச் சற்று மேலே நிறுத்தும் உத்தியால் இந்த எண்ணிக்கை குறைந்து வருகிறது.

அம்மாவின் பழைய ஈசிஜியை எடுத்துப் பாருங்கள். அதில் ரைட் பண்டில் பிளாக் (ஹிஸ் கற்றை பிரியும் இரண்டு கிளைகளில் வலது கிளையில் தடை) என்று இருந்தால் இது எதிர்பார்க்கக்கூடியதே. வலது கிளை ஏற்கெனவே வேலை செய்யாத நிலையில் இடது கிளையும் நசுங்கினால் துடிப்பு கீழே இறங்க வழியில்லை.

உண்மையில் எனக்கு அதிகக் கவலை, பேஸ்மேக்கர் வைக்காமல் வீட்டுக்குப் போகிறவர்களில் ஒரு பகுதியினர்மீதுதான். புதிதாக லெஃப்ட் பண்டில் பிளாக் (இடது கிளையில் தடை) வந்திருக்கும், ஆனால் நன்றாக நடமாடுவார்கள். சிலருக்கு முழு ஹார்ட் பிளாக், அதாவது மேலறைத் துடிப்பு கீழறைக்கு அறவே வராத நிலை, சில நாள் கழித்து வரும். அதனால்தான் இரண்டு முதல் நான்கு வாரம் வரை உடம்பில் ஒட்டிக்கொள்ளும் மானிட்டர் தருகிறார்கள், தராவிட்டால் கேளுங்கள். கண் இருட்டினாலோ மயங்கினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அப்புறம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பும் சிலருக்குப் புதிதாக வரும். அது வேறு கணக்கு. பேஸ்மேக்கர் துடிப்பு மெதுவாகாமல் தாங்குமே தவிர, இதைச் சரிசெய்யாது. பக்கவாதம் வராமலிருக்க ரத்தம் உறையாமைக்கான மாத்திரை தேவைப்படலாம்.

பேஸ்மேக்கர் வைத்தால் நாள் முழுக்க அதுவே இதயத்தை ஓட்டும் என்றில்லை. சில மாதத்தில் சொந்தத் துடிப்பு திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. பெட்டி சும்மா காவல் இருக்கும். எப்போதும் வலது கீழறையிலிருந்தே துடிக்கவைத்தால் சிலருக்கு இடது அறை பலவீனமாகும். ஆகவே ஒவ்வொரு செக்கப்பிலும் "எத்தனை சதவீதம் பேஸ் ஆகிறது?" (எத்தனை துடிப்பை பேஸ்மேக்கர் தருகிறது) என்று கேளுங்கள். அதிகமாக இருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துவிட்டு, செட்டிங்கை மாற்றலாமா, இடது கிளைப் பகுதியில் வயர் வைக்கும் முறை பொருந்துமா என்று டாக்டரிடம் பேசுங்கள்.