சதுப்பும் வயலுமான ஒரே வட்டாரத்தில் நடக்கும் நல்ல நாவல்கள் எவை?

சேறும் தண்ணீரும் சூழ்ந்த ஒரு கிராமப் பகுதியையே களமாகக் கொண்ட நாவல்களைக் கேட்டிருக்கிறீர்கள். என் பதில் கேரளத்தின் குட்டநாடு.

ஒருமுறை ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு அரசுப் படகில் போனேன். படகு மிதந்த தண்ணீர் மேலே இருந்தது, வரப்புக்கு அந்தப் பக்கம் நெல்வயல் பள்ளத்தில் கிடந்தது. கடல் மட்டத்துக்குக் கீழே விவசாயம் செய்கிறார்கள் என்று படித்திருந்தும், நேரில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. காயலில், அதாவது கடலோர உப்பங்கழியில், தென்னங்குற்றி அடித்து, சேறு அள்ளிக் கொட்டி வரப்பு கட்டி, உள்ளே நின்ற தண்ணீரைச் சக்கரம் மிதித்து இறைத்து உண்டாக்கிய நிலம் அது. அந்த வேலையைச் செய்தவர்கள் புலையர், பறையர் முதலான கூலியாட்கள். நிலம் மட்டும் அவர்களுடையது இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால்தான் குட்டநாட்டு நாவல்கள் பிடிபடும்.

முதலில் மலையாள எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'ரண்டிடங்ஙழி' (1948). இடங்கழி என்பது நெல் அளக்கும் படி, இரண்டு படி நெல் கூலி என்பதுதான் தலைப்பு. கோரனும் சிருதாவும் புதிதாகக் கல்யாணமானவர்கள். கோரன் ஒரு பெரிய பண்ணையில் வேலைக்குச் சேர்கிறான். நெல் விலை ஏறியதும் முதலாளிகள் கூலியைக் காசாகக் கொடுக்கிறார்கள். அந்தக் காசை வைத்துக்கொண்டு அரிசி வாங்க முடிவதில்லை. நெல்லை விளைவித்தவனே கூலியாக நெல் கொடு என்று கேட்டுப் போராட வேண்டியிருக்கிறது. சின்ன நாவல்தான், ஆனால் பசியை இவ்வளவு நேராகச் சொன்ன புத்தகம் நான் அதிகம் படித்ததில்லை. தகழி அந்த ஊர்க்காரர், அம்பலப்புழையில் வக்கீலாக இருந்தவர். நில வழக்கும் வயலும் இரண்டுமே அவருக்கு அத்துப்படி.

அவருடைய 'கயர்' (1978) இதற்கு நேர்மாறாக, மிகப் பெரியது. தனிக் கதாநாயகன் கிடையாது. நிலத்தை அளந்து வரி போட ஒரு அதிகாரி ஊருக்கு வருவதில் தொடங்கி, பல தலைமுறைகளுக்கு நிலம் கைமாறிக்கொண்டே போகிறது. பாத்திரங்கள் குழம்பினால் கவலைப்பட வேண்டாம், நிலத்தைத் தொடர்ந்து போங்கள். (தகழியின் 'செம்மீன்' இந்தப் பட்டியலில் வராது, அது மேற்கே கடற்கரைக் கதை.)

அப்புறம் எஸ். ஹரீஷின் மலையாள நாவல் 'மீச' (2018). வாவச்சன் என்ற ஒடுக்கப்பட்ட சாதிக்காரன் நாடகத்தில் போலீஸ் வேஷத்துக்காகப் பெரிய மீசை வளர்க்கிறான். மேடையில் அதைப் பார்த்தே மேல்சாதிக்காரர்கள் மிரள்கிறார்கள். நாடகம் முடிந்தும் மழிக்க மறுக்கிறான். பிறகு அவனைத் தேடுகிறார்கள், அவனோ வயலும் வாய்க்காலுமாக அலைகிறான். தகழியிடம் நிலம் உழைப்பாக இருந்தது, ஹரீஷிடம் அது மாயமும் பயமுமாக மாறிவிடுகிறது. வார இதழில் தொடராக வந்தபோது எழுந்த மிரட்டல்களால் பாதியில் நின்று, பின்னர் புத்தகமானது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆங்கிலத்தில் படிப்பீர்கள் என்றால் அருந்ததி ராயின் 'தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' (1997) நாவலையும் சேர்த்துக்கொள்ளலாம். அது நடக்கும் அய்மனம் கோட்டயத்தை ஒட்டி, குட்டநாட்டின் விளிம்பில் இருக்கிறது.

எதைப் படித்தாலும் பக்கத்தில் ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள். பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் நான்கு ஆறுகளும் வேம்பநாட்டுக் காயலை நோக்கி வரும் இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், இந்தக் கதைகளில் எல்லோரும் ஏன் எப்போதும் வரப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.